ஓ மேல் இரண்டு புள்ளி: எடுக்கலாமா, மாற்றலாமா, விட்டுவிடலாமா?

ஐரோப்பியப் பெயர்களோடு தினமும் வேலை செய்கிறவர்கள், அதாவது டிக்கெட் போடுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், வாடிக்கையாளர் பட்டியலைப் பராமரிப்பவர்கள், பெரும்பாலும் ஒரே ஒரு விதியைத்தான் கையில் வைத்திருப்பார்கள். உயிரெழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் புள்ளியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு 'ஈ' சேர்த்துவிடு. ஜெர்மனுக்கு இது சரி. பிரெஞ்சு, டச்சு, ஸ்பானிஷ் மூன்றுக்கும் தப்பு. ஃபின்னிஷில் படிக்கிறவரைக் குழப்பும். ஹங்கேரியனில் கேட்க வேண்டிய கேள்வியே வேறு.

இங்கே ரோமன் எழுத்துகளை ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஆங்கிலப் பெயராலேயே குறிக்கிறேன். மேலே இரண்டு புள்ளி இருந்தால் புள்ளி ஏ, புள்ளி ஓ, புள்ளி யூ.

இந்தப் புள்ளிகள் செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, எழுத்தின் ஒலியை மாற்றுவது. இரண்டு, ஒலியை மாற்றாமல் 'பக்கத்து எழுத்தோடு சேர்த்துப் படிக்காதே' என்று தடுப்பது. மூன்றாவது வகையில் புள்ளி ஒரு குறியே இல்லை. அது எழுத்தின் உறுப்பு. எழுத்தும் அகரவரிசையில் தனி இடம் பிடித்த தனி எழுத்து. ஒரே புள்ளிக்குப் பல வேலை என்பது தமிழுக்கும் புதிதல்ல. தொல்காப்பியக் கணக்கில் மெய்யெழுத்துக்கும் புள்ளி, குறில் எகர ஒகரத்துக்கும் புள்ளி.

ஜெர்மனில் இருப்பது முதல் வகை. உம்லவுட் என்பார்கள். 'ஷோன்' என்றால் ஏற்கெனவே. அதே சொல்லில் புள்ளி ஓ வந்தால் அழகான. 'ட்ருக்கன்' அச்சடிப்பது, புள்ளி யூ வந்தால் அழுத்துவது. 'ட்சாலன்' பணம் கட்டுவது. புள்ளி ஏ வந்தால் எண்ணுவது. 'முட்டர்' அம்மா, புள்ளி யூ போட்டால் அம்மாக்கள், அங்கே பன்மையைக் காட்டுவதே புள்ளிதான். அலுவலகக் கடிதங்களில் கவனிக்க வேண்டியது 'ஃபோர்டர்ன்'. புள்ளி இல்லாவிட்டால் கோருவது, புள்ளி ஓ இருந்தால் ஊக்குவிப்பது அல்லது நிதி உதவி செய்வது. ஒரு திட்டத்துக்கு அரசு பணம் தருகிறதா, பணம் கேட்கிறதா என்பது இரண்டு புள்ளியில் நிற்கும். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் புதிதாகப் போகிற நம்மவர்கள் கோடையில் 'இன்று ஒரே புழுக்கம்' என்று சொல்ல வரும்போது யூ-வுக்குப் புள்ளி விட்டுப்போனால், அந்தச் சொல் தன்பாலீர்ப்புள்ள ஆணைக் குறிக்கும். வகுப்பில் ஆசிரியர்கள் எச்சரிப்பதும் இதைத்தான்.

உச்சரிப்புக்கு எளிய வழி உண்டு. 'ஈ' என்று நீட்டிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் புள்ளி யூ. 'ஏ' என்று நீட்டிக்கொண்டே உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தால் புள்ளி ஓ. உதடு குவியும்போது நாக்கும் சேர்ந்து பின்னால் போய்விடுவதுதான் வழக்கமான பிழை. அப்போது 'யூ' என்ற இரட்டை ஒலி கிளம்பிவிடும். கண்ணாடி முன் நின்று, உதட்டைக் குவித்து விரித்து மாற்றி மாற்றிச் சொன்னால் நாக்கு அடங்கும். புள்ளி ஏ தனியாக வந்தால் கிட்டத்தட்ட நம் எகரம், ஏகாரம். ஆனால் அதை அடுத்து யூ வந்தால் இரண்டும் சேர்ந்து 'ஒய்' ஆகும்: 'ஹவுஸ்' வீடு, 'ஹொய்ஸர்' வீடுகள்.

புள்ளிக்குப் பதில் ஈ சேர்ப்பது ஜெர்மனில் ஏன் செல்லும்? அந்தப் புள்ளிகளே ஒரு காலத்தில் ஈ எழுத்தாக இருந்தவை. பழைய ஏடெழுதிகள் உயிரெழுத்தின் தலையில் சின்ன ஈ ஒன்றை எழுதினார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஈ என்பது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு செங்குத்துக் கோடு போலத்தான் இருக்கும். கோடுகள் தேய்ந்து புள்ளியாயின. அதனால் ஈ சேர்ப்பது அங்கே பழைய வடிவத்துக்குத் திரும்புவது. பிரெஞ்சு, டச்சு, ஸ்பானிஷ் மொழிகளில் பிரிக்கும் வேலை பார்க்கும் புள்ளிக்கு இந்தப் பூர்வீகம் கிடையாது.

இந்த விதியைத் திருப்பிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. 'ஏ-ஈ, ஓ-ஈ, யூ-ஈ எங்கே வந்தாலும் புள்ளி எழுத்தாக்கு' என்று ஒரு வரி நிரல் எழுதி ஓடவிட்டால், பவுவர் என்ற சர்வசாதாரணமான குடும்பப்பெயர் சிதைந்துவிடும். அதில் யூ-வும் ஈ-யும் வெவ்வேறு அசை. மிஷாயேல் என்ற பெயரிலும் ஏ, ஈ தனித்தனி. கவிஞர் கதேயின் பெயர் ஓ-ஈ என்றுதான் எழுதப்படும், புள்ளி போட்டால் தப்பு. வெஸ்ட்ஃபாலியாவிலுள்ள ஸோஸ்ட் நகரின் எழுத்துக்கூட்டிலும் ஓ-ஈ உண்டு, ஆனால் அந்த ஈ ஓகாரத்தை நீட்டுவதற்கு மட்டும். ஆகவே புள்ளியிலிருந்து ஈ-க்குப் போகும் பாதை ஒருவழிப் பாதை. திரும்ப வேண்டுமானால் மூலப் பட்டியலைத்தான் எடுக்க வேண்டும்.

வரிசைப்படுத்துவதில் ஜெர்மானியர்களுக்கே இரண்டு முறை உண்டு, இரண்டும் டின் 5007 என்ற தரக்குறிப்பில் இருக்கின்றன. முதல் முறை அகராதிகளுக்கு: புள்ளி யூ-வைச் சும்மா யூ என்று எண்ணு. இரண்டாவது முறை தொலைபேசிப் புத்தகம் போன்ற பெயர்ப்பட்டியல்களுக்கு: யூ-ஈ என்று எண்ணு. முதல் முறையில் முர் (எம், யூ, ஹெச், ஆர்) முன்னால் வரும், புள்ளி யூ போட்ட முல்லர் பின்னால் வரும். இரண்டாவது முறையில் இருவரும் இடம் மாறுவார்கள். அச்சிட்ட பட்டியல் ஒரு முறையிலும் கணினி இன்னொரு முறையிலும் இருந்தால் 'இந்தப் பெயர் விட்டுப்போச்சு' என்று புகார் வரும். பெயர் அங்கேதான் இருக்கும், சில பக்கம் தள்ளி.

இரண்டாவது வகை பிரெஞ்சுக்காரர்களின் 'த்ரெமா'. எம், ஏ, ஐ, எஸ் என்று எழுதினால் 'மே', பொருள் 'ஆனால்'. ஏ-யும் ஐ-யும் சேர்ந்தால் பிரெஞ்சில் ஒரே ஒலி. ஐ மேல் இரண்டு புள்ளி வைத்தால் கூட்டு உடைந்து 'மா-ஈஸ்', பொருள் மக்காச்சோளம். கிறிஸ்துமஸைக் குறிக்கும் 'நோயெல்' சொல்லில் ஈ மேல் புள்ளி இருப்பதும் ஓ-வையும் ஈ-யையும் பிரிக்கத்தான். சித்ரோயென் காரின் பெயரிலும் அதே. பிரெஞ்சில் புள்ளி பெரும்பாலும் இரண்டாவது உயிரின் மேல் உட்காரும். புள்ளியை எழுத முடியாத இடத்தில் வெறுமனே விட்டுவிட வேண்டும். ஈ சேர்த்தால் இல்லாத ஓர் அசை முளைத்துவிடும். 'கூர்மையான' என்ற பெண்பால் சொல்லில் கடைசி ஈ மேல் இருந்த புள்ளியை யூ மேல் நகர்த்தலாம் என்று 1990 எழுத்துச் சீர்திருத்தம் சொன்னது. இரண்டு வடிவமும் புழங்குகின்றன, பிழைதிருத்துகிறவர் எதையும் அடித்துவிட வேண்டாம்.

பாரிஸுக்குத் தெற்கே லாய்-லே-ரோஸ் என்றொரு ஊர். அதன் பெயரில் ஒய் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வரும். ஐஎஸ்ஓ 8859-1 என்ற பழைய எழுத்துத்தொகுப்பில் புள்ளி ஒய்-யின் சின்ன வடிவம் இருந்தது, பெரிய வடிவம் இல்லை. முகவரியை முழுப் பெரிய எழுத்தில் அச்சிடும் பழைய நிரல்கள் இந்த ஊரில் தடுக்கி விழும்.

டச்சு மொழியில் பிரிக்கும் புள்ளி இன்னும் அதிகம். கடல் என்பதன் பன்மையில் மூன்று ஈ தொடர்ந்து வரும், மூன்றாவதில் புள்ளி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்ற எண்ணுப்பெயர்களிலும் பிரிக்கும் புள்ளி உண்டு. 1995 எழுத்துவிதிப்படி இரண்டு தனிச்சொற்கள் கூடும் தொகைச்சொல்லில் புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட வேண்டும். எண்ணுப்பெயர்களில் மட்டும் புள்ளி தொடர்கிறது. அச்சகத்தில் வேலை செய்கிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று: சொல் வரி முடிவில் சரியாகப் புள்ளி இருக்கும் இடத்தில் உடைந்தால், அடுத்த வரியில் புள்ளி மறைந்துவிட வேண்டும். பிரிக்கும் வேலையை வரி உடைவே செய்துவிட்டதே. முடிப்பது என்று பொருள்படும் 'பெ-எய்ந்திகன்' நடு வரியில் வந்தால் இரண்டாவது ஈ-க்குப் புள்ளி உண்டு, 'பெ'யோடு வரி உடைந்தால் கிடையாது. கையால் சிறுகோடு போட்டு உடைத்தவர்கள் புள்ளியை அப்படியே விட்டுவைப்பார்கள். டச்சுக்காரர் கண்ணில் அது உடனே குத்தும்.

ஜெர்மன் படித்துவிட்டு டச்சுக்கு வருகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். டச்சின் 'கோ-ஓபராட்சி' (கூட்டுறவு) சொல்லில் இரண்டாவது ஓ-வுக்குப் புள்ளி இருக்கும். ஜெர்மன் பழக்கத்தில் அந்த ஓ-வை மாற்றி ஒலிப்பார்கள். அது சாதாரண ஓ. ஆனால் ஜெர்மனிலிருந்து வந்த 'ஊபர்ஹவுப்ட்' போன்ற கடன்சொற்களில் டச்சிலும் புள்ளி யூ ஜெர்மன் ஒலியோடுதான் வரும். சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஸ்பானிஷில் புள்ளி நடைமுறையில் ஒரே ஓர் இடத்தில்தான் தேவைப்படும்: ஜி-க்கும் ஈ அல்லது ஐ-க்கும் நடுவே மாட்டிக்கொண்ட யூ. அந்த யூ சாதாரணமாக ஊமை. புள்ளி வைத்தால் பேசும். 'பிங்குவீனோ' என்ற பென்குயினுக்குப் புள்ளி போடாவிட்டால் 'பிங்கீனோ' என்று படிப்பார்கள். வெட்கம் என்ற 'வெர்குவென்சா'வும் இதே. போர்ச்சுகீசிலும் இதே ஏற்பாடு இருந்தது. போர்ச்சுகல் 1945-லேயே கைவிட்டது, பிரேசில் 2009 ஜனவரி 1 முதல் கைவிட்டது, வெளிநாட்டுப் பெயர்களில் மட்டும் மிச்சம். எனவே பிரேசிலின் பழைய ஆவணத்தில் புள்ளி இருந்தால் அது பிழை இல்லை, வயது. ஸ்பெயினின் இன்னொரு மொழியான கட்டலானில் ஒரே புள்ளி இரண்டு வேலையும் பார்க்கும்: யூ-வைப் பேசவைக்கும், ஐ-யைப் பிரிக்கவும் செய்யும்.

இந்த வகையில் மிக நுட்பமானது கிரேக்கம். மே மாதம் 'மாயோஸ்'. முதல் ஆல்ஃபா மேல் அழுத்தக்குறி இருப்பதால் அடுத்த அயோட்டா (கிரேக்கத்தின் ஐ) தனி என்று தானே தெரிகிறது, புள்ளி வேண்டாம். 'மே மாதத்தின்' என்று வேற்றுமை ஏற்றால் அழுத்தம் அயோட்டாவுக்கு நகர்ந்துவிடும். அப்போது அதன் தலையில் அழுத்தக்குறியும் இரண்டு புள்ளியும் சேர்ந்தே வரும். முழுப் பெரிய எழுத்தில் போடும்போது அழுத்தக்குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும், புள்ளி மட்டும் உதிராது. இன்னும் விசேஷம், சின்ன எழுத்தில் புள்ளியே இல்லாத 'மாயோஸ்', பெரிய எழுத்தில் அழுத்தக்குறியை இழந்ததால் புதிதாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் சாதாரண நிரல் இதைத் தவறவிடும். கிரேக்கத்துக்கென்று எழுதிய விதி வேண்டும்.

மூன்றாவது வகைக்கு வடக்கே போக வேண்டும். ஸ்வீடிஷ் அகரவரிசையில் 29 எழுத்து. இஸட்-டுக்குப் பிறகு வட்டம் வைத்த ஏ, புள்ளி ஏ, புள்ளி ஓ என்று மூன்று. ஓரெப்ரு நகரை ஓ வரிசையில் தேடினால் கிடைக்காது, பட்டியலின் கடைசியில் இருக்கும். வெறும் புள்ளி ஓ ஒன்றே ஒரு முழுச்சொல், தீவு என்று பொருள். 'கேட்பது' என்ற வினையில் புள்ளியை எடுத்தால் பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் வசைச்சொல் வந்து நிற்கும். டேனிஷ்காரர்களும் நார்வேஜியர்களும் இதே ஒலிகளுக்குக் குறுக்குக்கோடு போட்ட ஓ-வையும், ஏ-ஈ ஒட்டிய எழுத்தையும் வைத்திருக்கிறார்கள். டேனிஷில் புள்ளி ஏ கிடையாது. ஹாகன்-டாஸ் ஐஸ்கிரீம் பெயரில் இருக்கும் புள்ளி ஏ, டேனிஷ் வாடை வருவதற்காக நியூயார்க்கில் இட்டுக்கட்டியது. அதற்கு எந்த மொழியிலும் வேலை இல்லை.

ஃபின்னிஷில் புள்ளி எழுத்துகள் சொல்லின் முதுகெலும்பு. புள்ளி உயிர்கள் ஒரு கட்சி. ஏ, ஓ, யூ எதிர்க்கட்சி. கலப்பில்லாச் சொல்லில் இரண்டும் சேராது. விகுதியும் அதற்கேற்ப மாறும்: 'வீட்டில்' என்பதற்கு 'ஸ்ஸா', 'காட்டில்' என்பதற்குப் புள்ளி ஏ போட்ட அதே விகுதி. 'வாரா' என்றால் ஆபத்து, எல்லா ஏ-யும் புள்ளி ஏ ஆனால் தவறான. 'சாரி' தீவு, புள்ளி வைத்தால் முழங்காலுக்குக் கீழான கால். இங்கே புள்ளிக்குப் பதில் ஈ சேர்த்தால் ஏன் இடறும் என்றால், ஏ-ஈ, ஓ-ஈ என்ற தொடர்கள் ஃபின்னிஷில் சொந்தமாகவே உண்டு: 'ஹாஎ' தேடு, 'கோஎ' தேர்வு. அதனால்தான் கார் பந்தய வீரர்கள் ஹக்கினென், ரைக்கோனென் பெயர்களை உலகம் புள்ளியை மட்டும் உதிர்த்து எழுதுகிறது, ஃபின்லாந்தில் அதுவே இயல்பாகவும் படுகிறது.

எஸ்தோனியனில் வரிசை இன்னும் வேறு. நெளிகோடு போட்ட ஓ, புள்ளி ஏ, புள்ளி ஓ, புள்ளி யூ நான்கும் டபிள்யூ-வுக்குப் பின்னால். இஸட் எஸ்-ஸை ஒட்டி நடுவில் வந்துவிடும். பனிவிளிம்பு என்ற தொகைச்சொல்லில் நான்கு புள்ளி ஏ வரிசையாக நிற்கும். விசைப்பலகை மாட்டிக்கொண்டது என்று நினைத்து யாராவது இரண்டை அழித்துவிடுவார்கள், அழிக்கக்கூடாது.

ஹங்கேரியனுக்கு வருவோம். அங்கே புள்ளி ஓ, புள்ளி யூ குறில். அவற்றின் நெடிலுக்குப் புள்ளிக்குப் பதில் இரண்டு சாய்கோடு. குறிலில் தொடங்கும் 'ஓருல்ட்' என்றால் மகிழ்ந்தான். சாய்கோடு போட்ட நெடிலானால் பைத்தியம். 'ஐந்து' என்ற சொல்லும் 'அவரை' என்ற சொல்லும் இதே ஒரு வேறுபாட்டில் பிரிகின்றன. ஜெர்மானியர் பலர் கையால் எழுதும்போது புள்ளியை இரண்டு சிறு கோடாக இழுப்பார்கள். ஜெர்மனியில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஹங்கேரியில் படிவம் நிரப்பும்போது அந்தப் பழக்கம் குறிலை நெடிலாக்கிவிடும், புள்ளியைப் புள்ளியாகவே குத்த வேண்டும். எஸ்தோனியாவிலும் நெளிகோடு வேறு, புள்ளி வேறு. அலட்சியமாக ஒரு கோடு இழுத்தால் எது என்று தெரியாது.

கணிதமேதை எர்டோஷ் பெயரில் ஓ மேல் நெளிகோடு போட்டு எத்தனையோ இடங்களில் அச்சாகியிருப்பதற்குக் காரணம் கணினி. மத்திய ஐரோப்பிய எழுத்துத்தொகுப்பில் 245-ஆம் இடம் சாய்கோடு ஓ. மேற்கு ஐரோப்பியத் தொகுப்பில் அதே 245 நெளிகோடு ஓ. கோப்பைத் தவறான தொகுப்பில் திறந்தால் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடக்கும். ஹங்கேரியப் பெயரில் நெளிகோடு தெரிந்தால் அது எப்போதும் பிழைதான், அந்த மொழியில் அந்த எழுத்தே இல்லை.

துருக்கியில் 1928 எழுத்துமாற்றத்தோடு வந்த புள்ளி ஓ, புள்ளி யூ இரண்டும் தனி எழுத்துகள். கடைசிக்குப் போகாமல் ஓ-வுக்கும் யூ-வுக்கும் அடுத்து உட்காரும். 'ஓல்து' என்றால் ஆயிற்று. இரண்டு உயிருக்கும் புள்ளி வைத்தால் செத்தார். குறுஞ்செய்தியில் புள்ளியைச் சோம்பேறித்தனமாக விடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். துருக்கியின் உண்மையான கண்ணிவெடி ஒற்றைப் புள்ளி. புள்ளியுள்ள ஐ ஓர் எழுத்து, புள்ளியில்லாத ஐ வேறோர் எழுத்து, பெரிய வடிவத்திலும் இந்த வேறுபாடு தொடரும். 'சினிர்' நரம்பு அல்லது கோபம். இரு ஐ-யிலும் புள்ளியை எடுத்தால் எல்லை. துருக்கிய அமைப்பிலுள்ள கணினியில் பெரிய ஐ-யைச் சின்னதாக்கினால் புள்ளியில்லாத ஐ வரும். அதனால் கோப்புப் பெயர், கட்டளைச்சொல் போன்றவற்றை மொழி சாராத அமைப்பில்தான் சின்னதாக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா நாட்டிலும் ஓடும் நிரல் இஸ்தான்புல்லில் மட்டும் நிற்கும்.

ரஷ்யனில் 'யே' எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்தால் 'யோ'. ஆனால் அன்றாட அச்சில் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், படிக்கிறவர் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். குருஷேவ், கோர்பசேவ் என்று நாம் 'சேவ்' போடுவது புள்ளி விட்டுப்போன எழுத்துக்கூட்டின் வழியாக வந்தது. ரஷ்யர் வாயில் இரண்டு பெயரும் 'யோஃப்' என்றுதான் முடியும். அப்பாவின் ஆவணத்தில் புள்ளி இருந்து மகனுடையதில் இல்லாவிட்டால் இருவரும் ஒரே குடும்பமா என்று கேட்கும் சிக்கலும் அங்கே உண்டு. ரஷ்ய ஆவணத்தை மொழிபெயர்க்கிறவர், புள்ளி இருக்கிறபடியே பெயர்த்துவிட்டு, மாற்று வடிவத்தைக் குறிப்பாகச் சேர்ப்பது நல்லது.

இனி, கணினியில் என்ன தவறும் என்பது. எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் தரும் பொதுத்தொகுப்பான யூனிகோடில் புள்ளி ஏ 228, புள்ளி ஓ 246, புள்ளி யூ 252. இதே எழுத்தை வெறும் ஏ-வும் அதன் பின்னால் 776 என்ற ஒட்டுப்புள்ளியுமாக இரண்டு குறியீட்டிலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு. மேக் கணினியிலிருந்து வந்த கோப்புப்பெயர்களில் ஒட்டுப்புள்ளி வடிவம் வருவது சகஜம். பட்டியலைச் சேர்க்கும் முன் எல்லாவற்றையும் ஒற்றைக் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எழுத்து சிதைந்தால் அதன் அடையாளத்தை வைத்தே நோயைச் சொல்லலாம். நெளிகோடு போட்ட பெரிய ஏ-யும் அதையடுத்துக் கால் பின்னக் குறியும் (¼) தெரிந்தால் அது புள்ளி யூ. அதே ஏ-யும் பத்திக் குறியும் (¶) என்றால் புள்ளி ஓ. யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) கோப்பை மேற்கு ஐரோப்பியத் தொகுப்பில் திறந்ததன் விளைவு, மூலத்தைச் சரியாகத் திறந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்து அப்படியே சேமித்தும் விட்டீர்கள் என்றால் எழுத்து போயே போய்விட்டது.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய பதிப்புகளில் இயல்பு வரிசைமுறை ஸ்வீடிஷ், அதை உருவாக்கிய நிறுவனம் ஸ்வீடனைச் சேர்ந்தது. ஸ்வீடிஷ் வழக்கில் வெளிநாட்டுப் புள்ளி யூ-வை ஒய் என்று எண்ணுவார்கள். அதனால் புள்ளி இல்லாமல் முல்லரைத் தேடினால் வராது, ஒய் போட்டுத் தேடினால் வந்துவிடும். ஜெர்மன் வாடிக்கையாளர் பட்டியல் என்றால் ஜெர்மன் வரிசைமுறையைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும்.

உம்லவுட்டுக்கும் பிரிக்கும் புள்ளிக்கும் யூனிகோட் ஒரே குறியீட்டைத்தான் தருகிறது. உம்லவுட்டை ஈ சேர்த்தும் பிரிபுள்ளியை வெறும் உயிராகவும் வரிசைப்படுத்த வேண்டிய ஜெர்மன் நூலகங்களுக்கு இது போதவில்லை. அவர்களுக்கான தீர்வு, பிரிபுள்ளிக்கு முன்னால் 847 என்ற கண்ணுக்குத் தெரியாத குறியீட்டைச் செருகுவது.

விமான டிக்கெட்டுக்கு மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தின் அடியில் 44 இடங்கள் கொண்ட இரண்டு வரி இருக்கும். அதில் புள்ளி எழுத்துக்கே இடமில்லை. பெயரை எப்படி மாற்றுவது என்று பாஸ்போர்ட் கொடுத்த நாடே முடிவு செய்திருக்கும். ஜெர்மன் பாஸ்போர்ட்டில் முல்லர் அங்கே யூ-ஈ போட்டுத்தான் இருப்பார். அந்த வரியைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும்.

தட்டச்சு செய்ய: விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0228, 0246, 0252, பெரிய எழுத்துக்கு 0196, 0214, 0220. மடிக்கணினியில் தனி எண்பலகை இல்லாவிட்டால் இது வேலை செய்யாது. வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், முக்காற்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு உயிரெழுத்தை அடிக்கலாம். மேக்கில் ஆப்ஷனும் யூ-வும், பிறகு உயிரெழுத்து. கைபேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் போதும். சுவிஸ் விசைப்பலகையில் மட்டும் ஒரு வினோதம்: புள்ளி எழுத்துகளோடு பிரெஞ்சு எழுத்துகளும் அதே விசைகளைப் பகிர்கின்றன, ஜெர்மன் அமைப்பில் ஷிஃப்ட் அழுத்தினால் பெரிய புள்ளி எழுத்து வராமல் பிரெஞ்சு எழுத்து வரும். கேப்ஸ் லாக் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.